குதிரைவழியில் ஏறிய பெரிய டிரம்

ரொட்டி வேகும் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பசி வரும். எனக்கு மலை ஞாபகம் வரும். கூடவே கொஞ்சம் மூச்சும் வாங்கும். டாக்டரிடம் சொன்னால் இருதயம் என்பார். அதனால் அவரிடம் சொல்வதில்லை. உங்களிடம் சொல்லலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனேன். வஞ்சிரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, விலை மலிந்த காரப்பொடி மீனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் எதிரே புதிதாக ஒரு பேக்கரி. கரண்ட் அடுப்பு, கண்ணாடிக் கதவு எல்லாம் இருக்கிறது. யாரோ கதவைத் திறந்தார்கள், அந்த வாசனை வந்தது. சரியாக அதே நேரம் ஒரு கல்யாண ஊர்வலம். சின்ன லாரியின் மேல் நான்கு பையன்கள் பிளாஸ்டிக் டிரம்மை வெளுத்து வாங்குகிறார்கள்; பின்னால் மாப்பிள்ளையின் கார் அந்த லாரியைத் துரத்திக்கொண்டு போகிறது. ரொட்டி வாசனையும் டிரம் சத்தமும் சேர்ந்து வந்தால் நான் என்ன செய்வேன்? மீன் பையோடு நடுவழியில் நின்றுவிட்டேன். "இன்னா பெருசு, வழியில நின்னுக்கினு?" என்று ஒரு கூலிக்காரர் தலைக் கூடையோடு என்னைச் சுற்றிக்கொண்டு போனார். நான் அப்போது மார்க்கெட்டில் இல்லை, கல்வராயன் மலையில் பாதி ஏற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

என் அக்கா லூர்துவின் புருஷன் சவரிமுத்து மாமா ரொட்டி போடுகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் பேக்கரி என்ற சொல் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை; ரொட்டிக் கிடங்கு என்போம். நல்ல ரொட்டி வெள்ளைக்காரர் வீடுகளுக்குப் போகும். உடைந்ததும் கருகியதும் எங்கள் வீட்டுக்கு வரும். மரத்தொட்டியில் மாவைக் கொட்டி, இரண்டு கையாலும் தள்ளித் தள்ளிப் பிசைய வேண்டும். ஒவ்வொரு தள்ளலுக்கும் மாமா 'ஹூம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சு விடுவார். அவசரப்படவே மாட்டார். விடியும் நேரத்தில் தெருவே அந்த 'ஹூம்' கேட்டுத்தான் புரண்டு படுக்கும். மாமா கொஞ்சம் பருமன் என்று அக்கா சொல்வாள். அக்காவுக்குப் புருஷன்மேல் பிரியம் அதிகம். மாமா வாசலில் நின்றால் கிடங்குக்குள் விளக்கு ஏற்ற வேண்டும் என்பதுதான் உண்மை.

அந்தக் கிடங்கில் அடுப்புக்குப் பின்சுவரில் ஒரு பெரிய ஆணி. அதில்தான் எங்கள் தெரு பேண்டு செட்டின் பெரிய டிரம் தொங்கும். கடற்காற்று பட்டால் டிரம்மின் தோல் தொய்ந்து தொளதொளத்துப் போகும். அடுப்புச் சுவரின் சூட்டில் கிடந்தால் விறைப்பாக இருக்கும். மற்ற தெரு செட்டுக்காரர்கள் வாசிக்கும் முன் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். எங்கள் டிரம் எப்போதும் தயார். டிரம்மைக் காயவைத்தவர் மாமா என்பதால், அதை அடிக்கும் உரிமையும் கல்யாணத்துக்கு முந்தியே அவருக்கு வந்துவிட்டது. அடித்தால் ரொட்டி வாசனை அடிக்கும் டிரம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நான் பகலில் நூல் ஆலையில் வேலை, மாலையில் செட்டில் கிளாரினெட். வாசித்தேன் என்பதைவிட, கிளாரினெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன் என்பது பொருத்தம். மாஸ்டர் பெயர் ஞானாதிக்கம். தொழில் தையல். இளவயதில் பட்டாளத்து பேண்டில் சில காலம் இருந்தவர். அந்த நடை அவர் காலை விட்டுப் போகவில்லை. "அன்-தே! அன்-தே!" என்று பிரெஞ்சில் ஒன்று, இரண்டு சொல்லிக்கொண்டே எங்களை விரட்டுவார். சாவு ஊர்வலத்துக்குக்கூட அதே வேகந்தான். பிணத்துக்கு அப்படி என்ன அவசரம் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாதா சப்பரத்தைத் தோளில் தூக்குகிறவர்கள் பெரிய டிரம்மின் அடிக்குத்தான் கால் வைப்பார்கள். டிரம் நின்றால் கால் நிற்க வேண்டும். அந்த வருஷம் ஆகஸ்டு திருநாளில், சப்பரம் பாதித் தெரு வந்தபோது டிரம் நின்றது. மாஸ்டரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மாமா ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். தூக்கியவர்களில் பாதிப்பேர் நின்றார்கள், பாதிப்பேர் நடந்தார்கள். சப்பரம் ஒருபக்கம் சாய்ந்து மெழுகுவர்த்திகள் உருண்டன. மாதாவின் கிரீடம் காதுவரைக்கும் இறங்கிவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனால் எங்கள் தெருவின் மானம் போயிற்று. மாமா ஒரு வாரம் பூசைக்குப் போகவில்லை. கிடங்கில் 'ஹூம்' மட்டும் கேட்டது, பேச்சு கேட்கவில்லை.

"சவரி, உனக்கு வயசாவுது, உடம்பும் பெருசு. டிரம்மை இனிமே அந்தோணி எடுக்கட்டும்" என்று மாஸ்டர் முடிவு சொல்லிவிட்டார். அந்தோணி என்னோடு ஆலையில் வேலை செய்தவன். செட்டில் சின்ன டிரம் அடிப்பவன். மூங்கில் கழி மாதிரி இருப்பான். மாமா மாவுத்தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஆணியில் டிரம் இல்லாமல் அவர் அடுப்பு மூட்டுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அக்கா மட்டும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மலையிலிருந்து அழைப்பு வந்தது. எங்கள் தெருவில் வளர்ந்து, எங்கள் செட்டிலேயே கொஞ்ச நாள் தாளம் தட்டி, பிறகு சாமியாராகப் போனவர் ஒருவர் கல்வராயன் மலையில் தேன்பாறை என்ற ஊரில் சின்னதாக ஒரு கோயில் கட்டியிருந்தார். தை மாதம் மந்திரிப்பு, அதாவது கோயிலைத் திறந்து வைக்கும் சடங்கு. மாதாவின் சிலையை, சுரூபம் என்போம், கீழே புங்கவளவு என்ற மலையூரிலிருந்து தேன்பாறைக்கு ஊர்வலமாக எடுத்துப்போக வேண்டும், என் தெரு பேண்டு வராமல் திருநாள் கிடையாது என்று சொல்லியனுப்பினார். 'ரெண்டு ஊருக்கும் நடுவில் பழங்காலத்துக் கல்பாதை இருக்கிறது' என்றும் சொல்லியிருந்தார். புதுச்சேரிக்காரனுக்குக் கல்பாதை என்றால் என்ன தோன்றும்? நூல் பிடித்த மாதிரி நேராக ஓடும் எங்கள் தெருக்கள்தான். மாஸ்டர் எல்லாருக்கும் வெள்ளை உடுப்பைத் தோய்த்துப் போடச் சொன்னார்; பழைய பட்டாளத்து பூட்ஸுகளைத் தேடிப்பிடித்து மினுமினுக்கத் துடைக்கச் சொன்னார். மலைக்கு இப்படிப் புறப்பட்டவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருக்கும்.

மாமா தையற்கடைக்குப் போய் மாஸ்டர் முன்னால் நின்றார். "மலைக்கு டிரம் நான் எடுத்தாறேன். வழியில உக்காந்தா அங்கியே அந்தோணிகிட்ட குடுத்துடறேன், அப்புறம் தொடக்கூட மாட்டேன். மேல போய்ச் சேந்துட்டா, சாவற வரைக்கும் டிரம் எனுது. சரியா?" மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்றார்.

அன்றிலிருந்து பயிற்சி. புதுச்சேரியில் மலைக்கு எங்கே போவது? எங்களுக்குத் தெரிந்த உயரம் லாஸ்பேட்டை மேடுதான். இன்றைக்குக் காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் பறக்கும் அந்த இடம் அன்று செம்மண்ணும் முந்திரிக்காடும். மாமா தினமும் வேலை முடிந்து டிரம்மை மாட்டிக்கொண்டு அந்த மேட்டில் ஏறுவார், இறங்குவார். மாடு மேய்க்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். புறப்படும் அன்று அக்கா என்னைத் தனியே கூப்பிட்டாள். "டேய், அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நீதான் பாத்துக்கணும். முடியலன்னா கையப் புடிச்சி உக்கார வச்சிடு. டிரம் போனா போவுது, மனுசன் வந்தா போதும்." நானும் மார்பைத் தட்டி வாக்குக் கொடுத்தேன். இந்த வாக்கை மறக்காதீர்கள், பிறகு தேவைப்படும்.

ரயிலில் ஒரு கூத்து. வழிச்சாப்பாட்டுக்கென்று மாமா நீள ரொட்டிகளைச் சுட்டு, மூட்டை கட்ட இடமில்லாமல், டிரம்மின் ஒருபக்கத் தோலைக் கயிறு தளர்த்திக் கழற்றி, எல்லாவற்றையும் உள்ளே அடுக்கி மறுபடியும் இழுத்துக் கட்டியிருந்தார். எல்லையில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சோதனை. பிரெஞ்சு ஊரிலிருந்து போகும் டிரம் அசைத்தால் குடுகுடுக்கிறது என்றால் விடுவார்களா? சுங்கக்காரர் தோலைக் கழற்றச் சொல்லி, உள்ளே கையை விட்டு ஒரு ரொட்டியை உருவினார். முறித்துப் பார்த்தார். முகர்ந்தார். பிறகு தின்றார். "போங்க, போங்க" என்று சொல்லும்போது வாய் நிறைய ரொட்டி. செட்டு முழுக்கச் சிரித்தது. ஆகஸ்டுக்குப் பிறகு மாமா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சின்னசேலத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் அடிவாரம் போய், ஒருநாள் ஊர்ந்து புங்கவளவு சேர்ந்தோம். அதுவரைக்கும் சரிவு அவ்வளவாக இல்லை. வாத்தியங்களையும், அடிவாரத்தில் வந்து இறங்கியிருந்த சுரூபத்தையும் மலைக்காரர்களே சுமந்து வந்தார்கள். ஊரில் சாமைச் சோறும் தேனும் கொடுத்தார்கள். நாங்கள் பதிலுக்கு ரொட்டி கொடுத்தோம். அதற்குள் அது விறகாகியிருந்தது. "இத தின்றதுங்களா, அடுப்புல வெக்கிறதுங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். பிறகு தேனில் ஊறப்போட்டுத் தின்று பார்த்து, இன்னொன்று கேட்டாள். மாமா அந்த வீட்டு அடுப்புக்கு மேலிருந்த பரணில், தானியம் காயும் இடத்தில் டிரம்மை ஏற்றிவிட்டுத்தான் படுத்தார். எந்த ஊருக்குப் போனாலும் ஆளுக்கு அடுப்பு வேண்டும்.

காலையில் பார்த்தால் ஊரே பனிக்குள் இருந்தது. பாதையின் வாயில் நின்றபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அகலமான பலகைக் கற்களைப் பதித்து, குளம்பு வழுக்காமலிருக்க ஒவ்வொரு கல்லுக்கும் விளிம்பை உயர்த்தி வைத்து, பாறைக்கும் பள்ளத்துக்கும் நடுவே வளைந்து வளைந்து மேலே போகிறது. குதிரைவழி என்பது அதன் பெயர். சப்பரத்தின் முன்கம்பைத் தூக்க நின்ற சடையன் என்ற மலைக்காரர் சொன்னார்: "எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல பாளையக்காரரு குதிரை ஏறின வழிங்க. குதிரையும் போச்சு, பாளையமும் போச்சு. கல்லு மட்டும் இருக்குது."

சொல்லிக்கொண்டே மாமாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஊருக்குள் போய் இரண்டு ஆட்களோடு ஒரு டோலியைக் கொண்டுவந்தார். "ஐயா உக்காருங்க, நாங்க தூக்கியாந்துடறோம்." செட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா டிரம்மின் வாரைத் தோளில் மாட்டினார். "டோலி பின்னாடி வரட்டும்பா. யாருக்காவது வேணும்னா ஏறிக்குவாங்க."

டிரம் முன்னால் தொங்கினால் கீழே கால் வைக்கிற இடம் தெரியாதே என்று நான் கவலைப்பட்டேன். "டிரம் இல்லாட்டியும் எனக்குக் காலு தெரியாது மச்சான், பழக்கந்தான்" என்றார் மாமா.

மாஸ்டர் கையை உயர்த்தினார். "அன்-தே!" வெள்ளை உடுப்பு, மினுமினுக்கும் பூட்ஸு, பட்டாள நடை. தெருவில் போவது போலவே அடியெடுத்து வைத்தோம். நாங்கள் நடந்துகொண்டே வாசித்துப் பழகியவர்கள். வாசிக்காமல் நடக்கத் தெரியாது, நடக்காமல் வாசிக்கத் தெரியாது. முதல் வளைவுவரை பிரமாதம். இரண்டாவது வளைவில் கார்னெட் குழல்களில் காற்று மட்டும் வந்தது. பிறகு எனக்கும் தீர்ந்தது. ஏறுவதற்கு வேண்டிய மூச்சை ஊதித் தொலைத்தால் என்ன மிஞ்சும்? பூட்ஸு கல்லில் வழுக்கியது. பனியில் அந்தோணியின் சின்ன டிரம் ஈரச்சாக்கைத் தட்டுவதுபோல் மொத்மொத்தென்றது. ஆனாலும் அவன் மாமாவை விட்டு அகலவில்லை. கை நீட்டினால் பெரிய டிரம் எட்டுகிற தூரத்திலேயே நடந்தான். மாமாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. ஒரு அடி தவறியது. மாஸ்டர் திரும்பினார்.

"சவரி, போதும், குடுத்துடு."

"மாஸ்டர், இந்த ஓட்டத்துல போனா யாருமே போய்ச் சேர மாட்டோம். என் நடையில அடிக்கவா?"

"மாதா ஊர்வலத்த ஒன் நடையில நடத்தச் சொல்றியா? அன்-தே! அன்-தே!"

ரொம்பச் செங்குத்தான இடத்தில் அந்த 'அன்' வந்தது, 'தே' வரவில்லை. மாஸ்டர் ஒரு கல்லின்மேல் அப்படியே உட்கார்ந்தார். வாயைத் திறந்து திறந்து மூடினார். கார்னெட்டுகள் உட்கார்ந்தன. கடைசியில் நானும் உட்கார்ந்தேன். அக்காவிடம் மார்பைத் தட்டி வாக்குக் கொடுத்தவன் நான்தான்.

டிரம் நின்றது. சப்பரமும் நின்றது. அப்போது சடையன் கத்தினார். "ஐயா, இங்க நிக்கக் கூடாதுங்க! கல்லு ஈரம், சறுக்குது. தோள் மாத்தவும் எடமில்ல. எதயாவது அடிங்க, காலு ஒண்ணா வெக்கணும்!" சப்பரம் மெல்ல ஆடியது. பக்கத்தில் பள்ளம். ஆகஸ்டில் தெருவில் சாய்ந்தது. இங்கே சாய்ந்தால் என்ன ஆகும்? அந்தோணி வாரைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

மாமா அவனைப் பார்க்கவேயில்லை. கண்ணை மூடிக்கொண்டார். 'டும்.' கூடவே அடிவயிற்றிலிருந்து 'ஹூம்.' அதற்குப் பிறகு அடுத்தது வரவே வராதோ என்று நினைக்கும்படி ஒரு இடைவெளி. பிறகு மறுபடியும் 'டும்', 'ஹூம்'. எனக்குச் சட்டென்று தெரிந்தது: அது மாவு பிசையும் நடை. வருஷக்கணக்காக விடியற்காலையில் நான் படுக்கையில் கேட்ட நடை. பரணில் காய்ந்த தோல் கணீரென்று முழங்கியது. எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. சடையனின் கால் அந்த அடிக்கு எழுந்தது. எட்டுப் பேரின் கால்களும் சேர்ந்து எழுந்தன. சப்பரம் ஆடாமல் ஒரு கல் ஏறியது.

"மச்சான், எழுந்திரு" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல். "எவனும் ஊத வேணாம். பூட்ஸக் கழட்டிக் கழுத்துல மாட்டுங்க. நான் அடிச்சா ஒரு காலு வையி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். வேறு வித்தை ஒன்றுமில்லை. ஒரு அடிக்கு ஒரு கல். வெறுங்காலில் அந்தப் பழைய கற்களின் விளிம்பு பட்டபோது, குதிரைகளுக்கு இது எப்படிப் பிடிமானமாக இருந்திருக்கும் என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் மாமாவோடு சேர்ந்து சடையன் 'ஹூம்' என்றார். பிறகு தூக்கியவர்கள் எல்லாரும். பிறகு அந்தோணி. மலை முழுக்க ஒரே ரொட்டிக் கிடங்காகிவிட்டது. கடுக்காய் மரங்களுக்கு நடுவில் பனி விலகி வெயில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் டோலி வந்துகொண்டிருந்தது. அதில் யார் என்கிறீர்கள்? மாஸ்டர் ஞானாதிக்கம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, டோலிக் கம்பின்மேல் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டு வந்தார். மாமாவின் அடிக்குத்தான் தட்டினார்.

சமதரை வந்ததும் மாமா, "இப்ப ஊதுங்கடா!" என்றார். ஊதினோம். என் ஆயுளில் கிளாரினெட்டை நான் உண்மையாகவே வாசித்த நாள் அது ஒன்றுதான். தேன்பாறை ஊர் மொத்தமும் எதிரே ஓடிவந்தது. கோயில் வாசலில் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தார். சுரூபத்தை உள்ளே இறக்கி வைக்கிற வரைக்கும் மாமா அடியை நிறுத்தவில்லை. அதன்பின் வாரைக் கழற்றி டிரம்மைத் தரையில் வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். உட்காரவில்லை. "உக்காரு மாமா" என்று நான் சொன்னதற்கு, "இன்னிக்கு மட்டும் மாட்டேன் மச்சான்" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவருக்குப் பசி வந்தது.

டோலியிலிருந்து இறங்கிய மாஸ்டர் நேரே மாமாவிடம் வந்தார். தன் மார்பிலிருந்த பித்தளைப் பொத்தானைப் பிய்த்து மாமாவின் சட்டையில், பொத்தான் தெறித்துப்போயிருந்த இடத்தில் வைத்துப் பார்த்தார். "ஊருக்குப் போனதும் தச்சித் தரேன்" என்றார். தையற்காரர் வேறெப்படி மன்னிப்புக் கேட்பார்?

அடுத்த ஆகஸ்டு திருநாளில் மாஸ்டர் கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார், பிறகு மாமாவைப் பார்த்துக் கையை இறக்கிவிட்டார். "நீ ஆரம்பி சவரி." சப்பரம் ரொட்டிக் கிடங்கு நடையில் எங்கள் தெருக்களைச் சுற்றியது. வருஷா வருஷம் வாசலில் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போகிற கிழவிகளும், காலை இழுத்து நடக்கிற எங்கள் தெருக் கொல்லரும்கூட அந்த வருஷம் கடைசிவரைக்கும் கூடவே வந்தார்கள். அக்கா டிரம்முக்குப் பக்கத்திலேயே நடந்தாள். அவள் முகத்தைப் பார்த்தவர்கள் கிரீடம் மாதாவுக்கா இவளுக்கா என்று சந்தேகப்பட்டிருப்பார்கள். பிறகு சாகிறவரைக்கும் அந்த டிரம் மாமாவுடையதுதான்.

இப்போது மாமா இல்லை, அக்கா இல்லை, செட்டும் இல்லை. கிடங்கு இருந்த இடத்தில் மோட்டார் சாமான் கடை. டிரம்மின் கூடு அக்கா மகன் வீட்டில் வெகுநாள் அரிசி கொட்டி வைக்க உதவியது. பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. திருநாள் சப்பரத்தை டிராக்டர் இழுக்கிறது. நான் ஜபமாலையில் பாதி சொல்லுமுன் ஊர்வலம் முடிந்து கோயில் கதவைச் சாத்துகிறார்கள்.

போன வருஷம் என் பேரன் வாடகைக்கு ஜீப் வைத்து என்னை அந்த மலைக்குக் கூட்டிப்போனான். தார் ரோடு. குதிரைவழியின் கற்களை உடைத்து ரோட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்களாம். நாங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறிய ஏற்றத்தை ஜீப் ஒரு பாட்டு முடிவதற்குள் ஏறிவிடப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு, கதவுத் தகரத்தின்மேல் ஒரு தட்டுத் தட்டினேன். 'டும்.' காத்திருந்தேன். இன்னொன்று தட்டி, 'ஹூம்' என்றேன்.

"இன்னா தாத்தா, கதவு சரியா சாத்தலையா?" என்றான் டிரைவர்.

"சாத்தித்தான் இருக்குது. நீ கொஞ்சம் மெதுவாப் போப்பா" என்றேன்.

நல்ல பையன்தான். வேகத்தைக் குறைத்துப் பார்த்தான். அந்த ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது.